எட்டாயிரத்து எண்பதாம் வாசல்

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, இப்ப விடுங்க" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லிச் சொல்லி, வீட்டில் யாராவது இருமினால்கூட அவள் வாயில் அதுதான் வரும். அவள் கணவர் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு மெஷின், ஒரு வெட்டுமேஜை, சுவரை ஒட்டி ஒரு மீன்தொட்டி. தொட்டி அவளுடையது. அதற்குப் பின்னால் செருப்பு வைக்கும் பலகையில் கிடந்த, திரை உடைந்த பழைய லேப்டாப்பும் அவளுடையதுதான். கொழுந்தன் தூக்கிப் போடப் போனதை வாங்கி, துடைத்து, ராத்திரி பகல் ஓட வைத்து அதற்கு "சர்வர்" என்று பெயரும் வைத்திருந்தாள். அன்றிலிருந்து கணவர் அவளை "இஞ்சினீயரம்மா" என்றுதான் கூப்பிடுவார்.

அந்த லேப்டாப்பின் வேலை இவ்வளவுதான். தொட்டித் தண்ணீரின் சூட்டை அளந்து ஒரு பக்கத்தில் எழுதும். மீன்களைச் சின்னக் கேமராவில் காட்டும். "விளக்கு" என்ற பொத்தானை அழுத்தினால் தொட்டி விளக்கு எரியும், மறுபடி அழுத்தினால் அணையும். வீட்டு வைஃபையில் இருக்கும்போது இதையெல்லாம் பார்ப்பது சுலபம். ஆஸ்பத்திரியிலிருந்து பார்ப்பதற்குத்தான் அவள் மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டாள்.

ஒருமுறை கூட வேலை பார்க்கும் நர்ஸ் கேட்டபோது அவள் இப்படி விளக்கினாள்: "வெளியுலகத்துக்கு நம்ம வீடு மொத்தத்துக்கும் ஒரே ஒரு நம்பர்தான் சிஸ்டர். ரூட்டர்தான் அந்த வீட்டு வாட்ச்மேன். வெளியிலேருந்து யார் வந்தாலும் உள்ள விடாது. அதுகிட்ட நாம சொல்லி வைக்கணும். எட்டாயிரத்து எண்பதுன்னு சொல்லிக்கிட்டு யாராவது வந்தா அவங்கள நேரா லேப்டாப்கிட்ட அனுப்புன்னு. அதுக்குப் பேருதான் போர்ட் ஃபார்வர்டிங்."

"அந்த நம்பர் மாறவே மாறாதா?"

"மாறும். அதனாலதான் நெட்ல ஓசியில ஒரு பேரு வாங்கியிருக்கேன். நம்பர் மாறினா லேப்டாப்பே போயி, இப்ப நாங்க இந்த நம்பர்ல இருக்கோம்னு அந்தப் பேருகிட்ட சொல்லிடும். நான் பேரை மட்டும் தட்டினாப் போதும்."

"மீனைப் பாக்க இவ்வளவா?" என்றாள் நர்ஸ்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு எக்ஸ்ரே அறையின் பின்பக்க நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பேரைத் தட்டினாள். பக்கம் திறந்தது. மீன் இல்லை. தண்ணீர் இல்லை. வெள்ளைப் பின்னணியில் மூன்றே வரி:

அறை: 29 டிகிரி. விளக்கு: அணைந்துள்ளது. பலகை: காலியாக உள்ளது. கீழே "விளக்கு" என்று ஒரு பொத்தான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். அதேதான். வீட்டுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, என் பக்கத்துல கை வச்சீங்களா?"

"எந்தப் பக்கத்துல?" என்றார் கணவர். பின்னால் மெஷின் ஓடும் சத்தம் நின்றது.

"மீன் பக்கம்ங்க. மீனையே காணோம்."

"மீனா? இதோ நீந்திக்கிட்டு இருக்கே."

"தொட்டியைப் பாக்காதீங்க. போன்ல பாருங்க. நான் போட்டுக் கொடுத்தேன்ல, அந்தப் படத்தை அழுத்துங்க."

கொஞ்ச நேரம் கழித்து அவர் சொன்னார்: "போன்லயும் நீந்துது."

"பலகைன்னு ஏதாவது இருக்கா?"

"பலகை செருப்புக்குக் கீழதான் இருக்கு. நீ சாப்பிட்டியா இல்லையா?"

அங்கே மீன் தெரிகிறது, இங்கே தெரியவில்லை. "சரி, தொட்டி விளக்கைப் பாத்துக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். அவள் போனில் "எரிகிறது" என்று வந்தது.

"எரியுதா?"

"இல்லையே."

அணைத்தாள். ஏற்றினாள். "இப்ப?"

"ம்ஹூம். இஞ்சினீயரம்மா, ஒருத்தர் சட்டைக்கு அளவு கொடுக்க வந்து நிக்கிறாரு, நான் அப்புறம் பேசட்டுமா?"

அவர் வைத்த பிறகும் அவள் விடவில்லை. எங்கேயோ கம்பி கழன்றிருக்கும், இல்லாவிட்டால் பழைய பக்கம் போனிலேயே தங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு அழுத்திக்கொண்டே இருந்தாள். எரிகிறது, அணைந்துள்ளது, எரிகிறது, அணைந்துள்ளது. இடையில் ஒரு மணிக்கட்டும் ஒரு முதுகும் படம் எடுக்க வந்தன. எடுத்து அனுப்பிவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தாள். அறை முப்பது டிகிரி ஆகியிருந்தது. மீன்தொட்டி எப்போதிலிருந்து அறை ஆனது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த நிமிஷத்தில் பலகை என்ற வரி தானாக மாறியது.

"வாசல்ல யாருமே இல்லையே. விளையாடுறியா?"

அவள் கையிலிருந்து போன் நழுவி மடியில் விழுந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

அந்த வரியைத் தொட்டால் எழுத முடிந்தது. என்ன எழுதுவது என்று யோசித்து, "நீங்க யாரு?" என்று எழுதினாள்.

பதில் மெதுவாக வந்தது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடிக்கிறவரின் பதில்.

"அப்பனையே யாருன்னு கேக்கிறியா? இதோட பதினொரு தடவை மாடிப்படி இறங்கி ஏறிட்டேன். முழங்கால் விட்டுப்போச்சு."

அவளுக்கு அப்பா இல்லை. காலமாகி ஒன்பது வருஷம். ஒரு நொடி, ஒரே ஒரு நொடிதான், அவள் உடம்பெல்லாம் சிலிர்த்துப்போய்விட்டது. பிறகுதான் புத்தி திரும்பியது. இது யாரோ ஒருவருடைய வீடு. விளக்கு அந்த வீட்டில்தான் எரிந்து எரிந்து அணைந்திருக்கிறது. ஆனால் அவள் பேரைத் தட்டினால் அடுத்தவர் வீடு எப்படித் திறக்கும்? அந்த மனிதர் விளக்கு எரிந்தால் ஏன் வாசலுக்கு ஓட வேண்டும்?

ஒன்றும் புரியாவிட்டாலும் உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது என்று நினைத்தாள். அதில்தான் தப்புப் பண்ணினாள். "மன்னிச்சிடுங்க. நான் உங்க பொண்ணு இல்ல. தெரியாம உள்ள வந்துட்டேன்" என்று எழுதினாள்.

பலகை வெகுநேரம் அப்படியே இருந்தது. பிறகு பக்கமே போய்விட்டது. எத்தனை தரம் தட்டினாலும் வட்டம் சுற்றியதே தவிர எதுவும் திறக்கவில்லை.

சாயந்திரம் வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றாமலே லேப்டாப்பின் முன் குந்தினாள். மீன்கள் ஒன்றும் நடக்காத மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடின. ரூட்டரின் பக்கத்தைத் திறந்து, வீட்டின் இன்றைய நம்பரை ஒரு துண்டுத் தாளில் எழுதினாள். அவளுடைய பேர் எந்த நம்பரைக் காட்டுகிறது என்று பார்த்து அதையும் பக்கத்தில் எழுதினாள். இரண்டும் வேறு வேறு.

"என்னம்மா, பரீட்சைக்குப் படிக்கிறியா?" என்று கணவர் டீயை நீட்டினார்.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை கரண்ட் போச்சுல்ல?"

"போச்சு. ஒரு மணி நேரம்."

"வந்தப்ப நமக்குப் புது நம்பர் கொடுத்திருக்காங்க. அதைப் போய்ச் சொல்ற புரோகிராம் திரும்ப எந்திரிக்கவே இல்ல. தூங்கிடுச்சு. நம்ம பழைய நம்பரை வேற யாருக்கோ கொடுத்துட்டாங்க. அந்த வீட்லயும் யாரோ என்னை மாதிரியே எட்டாயிரத்து எண்பதைத் திறந்து வச்சிருக்காங்க."

"அப்ப என் போன்ல மட்டும் மீன் எப்படித் தெரிஞ்சுது?"

"நீங்க வீட்டுக்குள்ள இருக்கீங்க. உள்ளுக்குள்ளயே போற வழி அது. வெளிய போயிட்டு வரவேண்டியதில்ல."

கணவர் டீயை ஊதினார். "அதாவது, நாம வீடு மாத்திட்டோம். ஆனா மாத்தலை. நீ பழைய வீட்டுக்குப் போயி லைட்டைப் போட்டுப் போட்டு அணைச்சிருக்க. ஆனா அது நம்ம பழைய வீடும் இல்ல."

"அவ்வளவுதான்."

"எனக்குப் புரியல."

"எனக்கும் பாதிதான் புரியுது" என்றாள் அவள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அவரு பயந்துட்டாருங்க. பிளக்கைப் பிடுங்கிட்டாரு போல. எங்கேயோ ஒரு பொண்ணு அப்பாவைக் காணோம்னு தவிச்சுக்கிட்டு இருக்கும்."

தூங்கிய புரோகிராமை எழுப்பி, பக்கத்துக்கு ஒரு பாஸ்வேர்டும் போட்டாள். தன் வீட்டு வாசலையும் இத்தனை நாள் திறந்துதானே போட்டிருந்தாள்.

மறுநாள் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு இன்டர்நெட் கம்பெனியின் கிளை அலுவலகத்துக்குப் போனாள். கவுன்டரில் இருந்த பெண் நல்ல மாதிரி. ஆனால் அவளுக்குத் தெரிந்த வியாதிகள் இரண்டுதான்: ரூட்டரில் சிவப்பு விளக்கு, ரூட்டரில் விளக்கே இல்லை.

"உங்க நெட் வேலை செய்யுதுல்ல மேடம்?"

"செய்யுது."

"அப்ப என்ன கம்ப்ளைன்ட்?"

"நான் இன்னொருத்தர் வீட்டுக்குள்ள போயிட்டேன்."

கவுன்டர் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "அதுக்குப் போலீஸ் ஸ்டேஷன் போகணும் மேடம்."

அவள் நம்பரை எழுதிய தாளைக் காட்டினாள். இந்த நம்பர் இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும் என்று கெஞ்சினாள். அதைச் சொல்லக்கூடாது என்று பெண் கையை விரித்தாள். அது விதி, நியாயமான விதி என்று அவளுக்கும் தெரிந்தது. தெரிந்தும் காலை எடுத்து வெளியே வைக்க மனம் வரவில்லை. படியில் கேபிள் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்ற லைன்மேன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணும் புரியலக்கா" என்றார். "ஆனா யாரோ ஒரு பெரியவரு ரூட்டர் பிளக்கைப் பிடுங்கியிருக்காரு, அதானே? அப்படின்னா இன்னைக்கோ நாளைக்கோ எவனாவது கம்ப்ளைன்ட் போட்டே ஆகணும். போட்டா நாந்தான் போகணும். உங்க நம்பரைக் கொடுங்க. அவங்க சரின்னா கூப்பிடறேன். வேணாம்னா விட்டுடுவேன்."

வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கூப்பிட்டார்.

"அக்கா, உங்காளு கிடைச்சிட்டாரு. ரூட்டரைப் பிடுங்கி, துண்டால சுத்தி, பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டியிருக்காரு. வெளிய எடுக்க விடமாட்டேங்கறாரு. உள்ள ஒரு பொம்பளை இருக்காளாம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "அவருக்குச் சுத்தமாக் காது கேக்காதுக்கா. பொண்ணு வெளியூர்ல இருந்து கீழ்க் கடைக்காரருக்குப் போன் போட்டு அழுதுக்கிட்டு இருந்துச்சாம். இப்ப என் போன்ல வீடியோவுல இருக்கு. நான் உங்க விஷயத்தைச் சொன்னேன். உங்களை நேர்ல வரச் சொல்லுது."

அவள் கணவரையும் கூட்டிக்கொண்டு போனாள். தனியாகப் போகத் தைரியம் வரவில்லை. அதே ஏரியாவில் நாலு தெரு தள்ளி, மருந்துக்கடைக்கு மேலே ஒரு மாடி வீடு. தெருக்கதவில் ஒரு அழைப்புப் பொத்தான். குறுகலான, செங்குத்தான படி. அவள் ஏறும்போது எண்ணினாள். இருபத்திரண்டு படி. அதைப் பதினொன்றால் பெருக்கிப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

மேலே ஒரே அறை, ஒரு சின்னச் சமையல்கட்டு. நெடுநெடுவென்று ஒரு மனிதர் பீரோவில் முதுகைச் சாய்த்து, சாவியைக் கையில் பொத்திக்கொண்டு நின்றார். முப்பது வருஷம் ஆணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் என்றும், மெஷின் சத்தத்தில் காது போனது என்றும் லைன்மேன் போனிலேயே சொல்லியிருந்தார். சுவரில் ஒரு டேப்லெட் கறுப்பாகத் தொங்கியது. கூரையிலிருந்து ஒரு குண்டு பல்பு.

லைன்மேன் பிடித்திருந்த போனில் கண்கள் வீங்கிய ஒரு இளம்பெண் தெரிந்தாள்.

"நீங்கதானா அது?"

"நாந்தாம்மா."

"அப்பாவுக்குக் காலிங்பெல் கேக்காதுன்னு நாந்தான் அந்த லைட்டைச் செஞ்சு வச்சேன். கீழ பட்டனை அழுத்தினா லைட்டு எரிஞ்சு அணையும், வாசல்ல ஆள்னு அர்த்தம். நான் பேசணும்னா லைட்டை ஒரு தடவை போட்டு உடனே பலகையில எழுதுவேன். நீங்க எழுதவே இல்ல. அதனால வாசல்னு நெனச்சு ஓடியிருக்காரு." அந்தப் பெண் மூச்சு வாங்கினாள். "தெரியாத பட்டனைப் போயி எதுக்குங்க அத்தனை தடவை அழுத்தினீங்க?"

கேட்க வேண்டிய கேள்விதான். அவள் சொன்னாள்: "என் வீடுன்னு நெனச்சேன்."

அந்தப் பெண், "பாஸ்வேர்டு போடாம விட்டது என் தப்புதான்" என்றாள். "அப்பாவுக்குக் கஷ்டமா இருக்கும்னு விட்டேன்."

இதற்குள் பெரியவர் தையல்காரரை மேலும் கீழும் பார்த்து, தன் காதுக்கே கேட்காத பெருங்குரலில், "நீங்க கம்பெனி ஆபீசரா?" என்றார். கணவர் இல்லை என்று தலையாட்டினார். பெரியவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்போல. "அப்ப முதல்ல அவளை வெளிய எடுங்க சார். ரெண்டு நாளா என் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேசல."

அவள், கணவர் தன் தையல் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த அளவுப் புத்தகத்தையும் பேனாவையும் வாங்கி, கொட்டை எழுத்தில் எழுதிக் காட்டினாள்: "அந்தப் பொம்பளை நான்தான். வெளியே வந்துவிட்டேன். மன்னிக்க வேண்டும்."

அவர் படித்தார். அவளைப் பார்த்தார். பீரோவைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். "எப்ப வந்தே?" என்றார். லைன்மேன் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாவி கிடைக்க அரை மணி ஆயிற்று. ரூட்டரைத் துண்டிலிருந்து பிரித்து மாட்டினார்கள். மகள் போனிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்ல, அவள் இங்கே இருந்து கையாக வேலை செய்தாள். எட்டாயிரத்து எண்பதாம் வாசலை முதலில் அடைத்தார்கள். அதற்குப் பதிலாக மகளுடைய கம்ப்யூட்டருக்கும் இந்த வீட்டுக்கும் நடுவில், சாவி வைத்திருப்பவர் மட்டும் வரக்கூடிய ஒரு தனிப் பாதை. இரண்டு தரம் தப்பாகப் போயிற்று. மூன்றாம் தரம் மகள், "அங்க இல்லக்கா, அதுக்குக் கீழ" என்றாள். அக்கா என்று கேட்டதும் அவளுக்கு உள்ளே ஏதோ இளகியது. கணவர் இதற்குள் பெரியவருடைய சட்டையில் தொங்கிக்கொண்டிருந்த பொத்தானைக் கண்டுபிடித்து, உட்கார வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

"போட்டுப் பாக்கறேன்" என்றாள் மகள். பல்பு எரிந்து அணைந்தது. டேப்லெட் விழித்துக்கொண்டது. பலகையில் எழுத்து வந்தது: "நான்தான்ப்பா."

பெரியவர் எழுந்து போய் அதன் முன் நின்றார். பிறகு திரும்பி, அவள் கைகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தார். அவள் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். அப்படியும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதினார்: "எந்த நான்?"

லைன்மேன் பிடித்திருந்த போனில் அந்தப் பெண் கண்ணைத் துடைப்பது தெரிந்தது. பிறகு பலகையில் வரிசையாக வந்தது:

"மூணாங்கிளாஸ் படிக்கிறப்ப நீங்களே எனக்கு முடி வெட்டறேன்னு ஒரு பக்கம் காது வரைக்கும் வெட்டிட்டீங்க. இன்னொரு பக்கம் சரி பண்ணப் போயி அது இன்னும் மேல ஏறிடுச்சு. அம்மா உங்களோட ஒரு வாரம் பேசல. அந்த நான்."

அவர் உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார். கடைசி வரியில் அவருக்குச் சிரிப்பு வந்தது. அவ்வளவு பெரிய சிரிப்பு. அவருக்குத்தான் அது எவ்வளவு பெரிது என்று தெரியாது. கீழே மருந்துக்கடைக்காரர் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். சிரித்துக்கொண்டே பெரியவர் நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தார். முகத்தை மூடிக்கொண்டார்.

கிளம்பும்போது அவர் படி வரைக்கும் வந்தார். அவளிடம் மட்டும் சொன்னார்: "அன்னைக்கு நாலாவது தடவையிலயே தெரிஞ்சுபோச்சு, வாசல்ல ஆள் இல்லைன்னு. இருந்தும் போனேன். ஒருவேளை இந்தத் தடவை இருந்தா என்ன பண்றதுன்னு."

என்ன சொன்னாலும் அவருக்குக் கேட்காது. தலையை மட்டும் ஆட்டினாள்.

பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இருவரும் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு அவரைப் பார்க்கப் போனார்கள். கணவர் கீழே பொத்தானை அழுத்தினார். மேலே ஜன்னலில் வெளிச்சம் வந்து போனது. யாரும் இறங்கி வரவில்லை. மறுபடி அழுத்தினார். மறுபடி வெளிச்சம் மட்டும்.

"உள்ளதானே இருக்காரு? நிழல் தெரியுதே" என்றார் கணவர்.

அவள் மகளுக்குப் போன் போட்டாள். மகள் எடுத்ததும் சிரித்துவிட்டாள். "அய்யோ அக்கா, நீங்களா? நான் விளையாடறேன்னு நெனச்சு, 'இனிமே ஏமாற மாட்டேன்'னு பலகையில எழுதிட்டு உக்காந்திருக்காரு. இருங்க, நானே சொல்றேன்."

இருவரும் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலில் விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது. கொஞ்ச நேரத்தில் படியில் அவசரமாக யாரோ இறங்கி வரும் சத்தம் கேட்டது.